25 கிராமா, 83 கிராமா? மலைக்கு எடுத்துப்போகும் கேஸ் அடுப்பு

போன ஜூலையில் ஒரு வாரம், சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் துணி எடுக்க வந்தவர், "என்ன தம்பி, கீழே சிலிண்டர் தீர்ந்துபோச்சா? எங்ககிட்ட ஸ்பேர் இருக்கு, கேட்கறதுதானே" என்றார். என் முன்னால் சமையலறைத் தராசு, ஒரு தெர்மாமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு அடுப்புகள். எதற்கு என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஃபிளாஸ்க்ல எடுத்துட்டுப் போயிடலாமே" என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஒரு நாள் நடைக்கு அவர் சொன்னதுதான் சரி. பக்கத்து மலைகளான மாகளிதுர்க்காவுக்கோ ஸ்கந்தகிரிக்கோ விடியற்காலையில் கிளம்பி மதியம் திரும்புகிறவருக்கு அடுப்பு தேவையே இல்லை. கையில் இருந்தாலும் காட்டுக்குள் பற்றவைக்க முடியாது. வனத்தில் தீ மூட்டுவது குற்றம், கேஸ் அடுப்பும் தீதான். குரங்கணிக் காட்டுத்தீயை மறக்காத நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடகுப் பக்கம் காபித் தோட்டத்தில் அனுமதி வாங்கிக் கூடாரம் போடுகிறவர்களுக்கும், இமயமலையில் அனுமதித்த முகாம்களில் நாலைந்து நாள் தங்கி நடக்கிறவர்களுக்கும்தான் இந்த அலசல்.

நான் முதலில் வாங்கியது 25 கிராம் டைட்டானியம் அடுப்பு. நாலு மேரி பிஸ்கட்டின் எடை. இப்போது எடுத்துப்போவது எம்எஸ்ஆர் பாக்கெட்ராக்கெட் டீலக்ஸ், 83 கிராம். இரண்டும் ஒரே ஜாதி: திருகு இழை வைத்த சின்ன கேஸ் டப்பாவின், அதாவது கேனிஸ்டரின், தலையில் நேராகத் திருகிவிட்டு மேலே பாத்திரத்தை வைக்க வேண்டியதுதான். எடையைத் துரத்துகிற பைத்தியம் எனக்கும் உண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தவன் நான். அப்படிப்பட்டவன் ஏன் மூன்று மடங்குக்கு மேல் கனமான அடுப்புக்கு மாறினேன் என்றால், காற்று.

உத்தராகண்டின் ஹர்-கி-தூன் பள்ளத்தாக்கில் மூன்றாம் நாள் சாயங்காலம். நானும் மச்சினனும். பாறை மறைவு என்று நினைத்து உட்கார்ந்த இடத்தில் காற்று சுற்றிச் சுற்றி அடித்தது. அடுப்பின் தீ பாத்திரத்துக்கு அடியில் நிற்கவே இல்லை. நாடா மாதிரி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. இருபது நிமிஷம். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மச்சினன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, டீத்தூள் போடவா, இல்ல சோப்பு எடுத்துட்டு வரவா?" என்றான். அன்று ராத்திரியே கேனிஸ்டர் காலி. நாலாம் நாள் காலையில் மிஞ்சியிருந்த அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தின்றோம். நாலு நாளுக்கு 230 கிராம் கேஸ் உள்ள கேனிஸ்டர் ஒன்று தாராளம் என்று கணக்குப் போட்டவன் நான்தான். அந்தக் கணக்கை வீட்டுச் சமையலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டிருந்தேன்.

அதனால்தான் மாடி. பெங்களூரில் ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று கொடியில் போட்ட துணியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அடிக்கும். காசில்லாமல் கிடைத்த சோதனைக் கூடம். முறை இதுதான்: கேனிஸ்டரைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொள்வது, மூடி போட்ட அதே அலுமினியப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, மறுபடி எடை போடுவது. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தேன். காற்றே இல்லாத மாடிப்படி அறைக்குள் 25 கிராம் அடுப்பு 14 கிராம் கேஸ் தின்றது; டீலக்ஸ் 13. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சின்னது 23. டீலக்ஸ் 16.

சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே காட்டும், காற்றும் மூன்று முறையும் ஒரே மாதிரி அடிக்காது. ஆனாலும் 23-க்கும் 16-க்கும் உள்ள தூரம் தராசின் பிழைக்குள் அடங்குவதில்லை. காரணம் பர்னரின் தலையில் இருக்கிறது. சின்ன அடுப்பின் தலை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது; தீ அதிலிருந்து எழும்பிப் பாத்திரத்தைத் தொடுவதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. டீலக்ஸின் தலை அகலம், விளிம்பு கொஞ்சம் உயர்ந்து தீயின் வாய் உள்ளே தாழ்ந்திருக்கும். சோட்டோ விண்ட்மாஸ்டரும் இதே யோசனைதான், இன்னும் குழிவான தலை. அதைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்ததோடு சரி.

இரண்டு பேருக்கு டீ, கஞ்சி, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கொதிநீர் என்று வையுங்கள். நாலு நாளுக்கு 12 லிட்டர். லிட்டருக்கு 16 கிராம் என்றால் 192, ஒரு 230 கிராம் கேனிஸ்டரில் முடிந்துவிடும். 23 கிராம் என்றால் 276. இரண்டாவது கேனிஸ்டர் வாங்கியாக வேண்டும். கேஸை அரைக் கிலோ உளுந்து மாதிரி அளந்து வாங்க முடியாதே. முழு கேனிஸ்டராகத்தான் வரும், காலி டப்பாவே 150 கிராமுக்குப் பக்கம், உள்ளே இருப்பதோடு சேர்த்து 380. அடுப்பில் 58 கிராம் மிச்சம் பிடித்துவிட்டு முதுகில் 380 ஏற்றிக்கொள்கிற கதை; 110 கிராம் கேஸ் உள்ள சின்ன டப்பா கிடைத்தாலும் 58-ஐத் தாண்டிவிடும். எடைப் பட்டியலில் அடுப்பை மட்டும் எழுதுகிறவர்கள் கண்ணில் இது படவே படாது, என் கண்ணிலும் படவில்லை.

இங்கிருந்தே கூடுதலாக எடுத்துப்போகலாம் என்பதும் நடக்காது. கேனிஸ்டரை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் விடமாட்டார்கள். ரயிலிலும் கூடாது, ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது, உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால்தான். ஒரு சின்ன டப்பாதானே என்று பையின் அடியில் செருகுகிற யோசனை வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பெங்களூரில் சர்ஜாபூர் சாலை டெகாத்லானில் நிதானமாகப் பார்த்து எடுக்கிற சௌகரியம் எல்லாம் காரில் குடகுக்குப் போகும்போது மட்டும்தான். டேராடூனிலோ மணாலியிலோ இறங்கியபின் அங்கே இருப்பதுதான், அவர்கள் சொல்வதுதான் விலை. எனக்கு ஒரு முறை இங்கத்திய விலையைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார்கள்; கொடுத்தேன். எண்ணி வாங்குகிற நிலைமையில் லிட்டருக்குக் கேஸ் குறைவாகத் தின்னும் அடுப்புதான் எனக்கு வேண்டும்.

அங்கே வாங்கும்போது இழை வைத்த தட்டைக் கேனிஸ்டரா என்று ஒரு முறை திருப்பிப் பாருங்கள். மேஜை அடுப்புக்கு வருகிற நீளமான பியூட்டேன் டப்பா மலிவுதான், அடாப்டர் போட்டு ஓட்டலாம், தோட்டத்தில் நான் ஓட்டியும் இருக்கிறேன். குளிரில் கைவிட்டுவிடும். சாதாரண பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகாமல் அடங்கிவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. கேனிஸ்டரின் முதுகில் இந்த இரண்டின் பெயரும் இருந்தால் எடுங்கள்.

குளிர் என்றதும் டீலக்ஸின் இன்னொரு விஷயம், அதில் இருக்கும் ரெகுலேட்டர். கேஸ் வெளியேற வெளியேற கேனிஸ்டர் தானாகவே சில்லிட்டுப் போகும். வெளியே பனித்துளி கோத்திருப்பதை விரலால் துடைத்துப் பார்க்கலாம். சில்லிட்டால் உள்ளே அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் தீ சுணங்கும். ரெகுலேட்டர் உள்ள அடுப்பு குறைந்த அழுத்தத்திலும் ஓடும்படி செய்யப்பட்டிருப்பதால் கேனிஸ்டர் முக்கால்வாசி தீர்ந்தபிறகும் தீயின் உயரம் அவ்வளவாக மாறவில்லை. சின்னதில் அந்தக் கடைசிக் கால்பங்கு ஊதுவத்திக்குத்தான் ஆகும். ஆனால் ரெகுலேட்டர் மந்திரம் இல்லை, குளிரில் திரவமாகவே அடங்கிக் கிடக்கும் கேஸை அது ஆவியாக்காது. ராத்திரி கேனிஸ்டரைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்வதும், காலையில் ஒரு தட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துவதும் அதைவிட உதவும். நான் கண்ட அதிகபட்சக் குளிர் மைனஸ் நாலு, ஐந்து. அதற்கு அப்பால் என் பேச்சை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

அந்தக் குளிருக்குக் குழாய் வைத்த அடுப்புதான் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். கேனிஸ்டரைத் தள்ளி வைத்து, குழாயால் இணைத்து, கவிழ்த்து வைத்து திரவமாகவே கேஸை இழுக்கலாம். கோவியா ஸ்பைடர் இந்த வகை, 168 கிராம். நண்பர் ஒருவருடையதில் ஒரே ஒரு ராத்திரி சமைத்திருக்கிறேன். தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது, பாத்திரம் ஆடவில்லை. முக்கியமாக, அதைச் சுற்றிக் காற்றுத் தடுப்பை முழுவட்டமாகக் கட்டலாம். தலையில் திருகும் அடுப்பில் அப்படிக் கட்டக் கூடாது, சூடு கேனிஸ்டரில் இறங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. நான் காற்று வரும் பக்கம் மட்டும் முதுகுப்பையை நிறுத்துவேன். அவ்வப்போது கேனிஸ்டரைத் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பாத்திரமும் அடுப்பும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் ஜெட்பாயில் வகையைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் ஃப்ளாஷ் என்ற மாடல் 371 கிராம், ஒரு லிட்டர் பாத்திரமும் அதில் சேர்த்தி. அந்த வகை ஒன்றை இரவல் வாங்கி மாடியில் வைத்துப் பார்த்தேன்: காற்றில் 11 கிராம்தான் தின்றது. அடியில் இருக்கும் தகட்டு மடிப்புகள் சூட்டை வீணாக்காமல் பிடித்துக்கொள்கின்றன. சிக்கனத்தில் இதை அடிக்க முடியாது. பிறகு ஏன் வாங்கவில்லை? என் அடுப்பும் பாத்திரமும் மூடியும் சேர்த்து 250 கிராம்தான். அதே 12 லிட்டருக்கு இதற்கு 132 கிராம் கேஸ் போதும், ஆனால் 110 கிராம் கேனிஸ்டரில் அடங்காது, மறுபடி 230-தான் வாங்க வேண்டும். மிச்சமான கேஸ் டப்பாவுக்குள்ளேயே சுமையாகத் திரும்பி வரும். பனியை உருக்கிக் குடிக்கிறவர்களுக்குக் கணக்கு நிச்சயம் மாறும்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு உலர்ந்த சாப்பாட்டு உறையில் வெந்நீரை ஊற்றிச் சாப்பிடுகிற பழக்கம் இல்லை. ரவை உப்புமா, ரசப்பொடி போட்டு ஒரு கொதி, கொஞ்சம் பாசிப்பருப்பு என்றுதான் கை போகிறது. இரவல் வாங்கியதில் உப்புமா கிண்டினேன். மேலே தண்ணீர் நிற்கும்போதே கீழே அடிப்பிடித்துவிட்டது. மடிப்புகளுக்கு நடுவில் தேங்காய் நாரை விட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். டீலக்ஸில் சிம்மில் வைக்கலாம். அதற்காகத் துவரம்பருப்பை மலைக்குத் தூக்கிப் போகாதீர்கள். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது.

டீலக்ஸிலும் குறை உண்டு. பற்றவைக்கும் பொத்தானை நம்பிப் போகாதீர்கள், இந்த வகைப் பொத்தான்கள் எப்போது சொல்பேச்சு கேட்கும் என்று தெரியாது; என் பையில் லைட்டரும் ஒரு தீப்பெட்டியும் தனித்தனியாக இருக்கும். தலையில் திருகும் எந்த அடுப்புமே உயரமானது, இரண்டு லிட்டர் பாத்திரம் வைத்தால் ஆடும். ஒரு முறை சாய்வான பாறையில் வைத்து ஒரு பாத்திரம் சேமியாவைப் புல்லுக்குக் கொடுத்தேன், அது என் அவசரம். விலை வேறு: சின்னதைப் போல நாலைந்து மடங்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, காற்று படாத தோட்டத்தில், ஒரே ஆளுக்குக் காபி போட என்றால் 25 கிராமே போதும், மிச்சப் பணத்தில் நல்ல சாக்ஸ் வாங்குங்கள். கூடாரத்துக்குள் மட்டும் எதையும் பற்றவைக்காதீர்கள். அடுப்பு கக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. திருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று கிளம்புமுன் பார்ப்பேன், திருகியதும் கேஸ் கசிகிற சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பேன். திரும்பி வந்தால் கேனிஸ்டரை எடை போட்டு அடியில் மார்க்கரில் எழுதிவைப்பேன். விமானப் பயணத்தில் மிஞ்சியதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவதால் அலமாரியில் இருப்பது குடகுப் பயணங்களின் மிச்சம், டப்பாவோடு சேர்த்து: 211, 268, 174. கடைசியதில் ஒரு லிட்டருக்கு மேல் உத்தரவாதமில்லை.

சின்ன அடுப்பை மச்சினன் வாங்கிக்கொண்டான். போன வாரம் போன் செய்து, "மாமா, அக்காகிட்ட சொல்லாம அந்தத் தராசையும் கொஞ்சம் தர்றீங்களா?" என்றான்.