அசோகரைப் படிக்க யார் புத்தகம்: தாப்பரா, லாஹிரியா?

அசோகரைப் பற்றி ஒரே ஒரு ஆய்வு நூலை எடுத்து முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். 1961ல் வந்த ரொமிலா தாப்பரின் நூல் ஒன்று. 2015ல் வந்த நயன்ஜோத் லாஹிரியின் நூல் இன்னொன்று. இரண்டுமே ஆங்கிலம்.

தாப்பருடையது லண்டனில் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. அசோகரின் இளமை, முடிசூடல், ஆண்டுக்கணக்கு எல்லாம் ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடும். அப்புறம் சமூகம், பொருளாதாரம், நிர்வாகம், தம்மம், மௌரியர் வீழ்ச்சி என்று போகும். கதை கேட்க வந்தவருக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும். எனக்கும் வாங்கியது, இரண்டு முறை மூடி வைத்தேன். ஆனால் தம்மம் பற்றிய அத்தியாயத்துக்காகவே மறுபடி திறந்தேன். தம்மம் என்பது பௌத்தத்துக்கு இன்னொரு பெயர் அல்ல, பல மொழியும் பல சமயமும் கலந்த ஒரு பேரரசைச் சேர்த்துக் கட்ட அரசன் வகுத்த கொள்கை என்கிறார். அகிம்சை பேசிப் பேசியே மௌரியர்கள் விழுந்தார்கள் என்ற பழைய வாதத்தையும் அவர் ஏற்பதில்லை. அரசன் என்ற ஒற்றை ஆளை நம்பியே நின்ற அதிகாரிகள் அமைப்பைத்தான் காரணமாகக் காட்டுகிறார்.

லாஹிரி தொல்லியலாளர். வாழ்க்கை வரலாறாகவே எழுதுகிறார். பாடலிபுத்திரம், தட்சசீலம், உஜ்ஜயினி என்று ஊர் ஊராகக் கூட்டிப் போகிறார். கல்வெட்டின் வாசகத்தோடு நிற்காமல், அது இருக்கும் பாறை, பக்கத்து ஊர், போகும் பாதை எல்லாம் பேசுகிறார். படிக்கச் சுகம். அந்தச் சுகத்துக்கு ஒரு விலையும் உண்டு: சான்று மெலியும் இடங்களில் ‘இருந்திருக்கலாம்’ சற்று அதிகமாகத் தலைகாட்டும்.

கலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு மாண்டார்கள் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. அடிபட்ட கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், அந்தக் கல்வெட்டு இல்லை. அதற்குப் பதில், ‘எல்லா மனிதரும் என் பிள்ளைகள்’ என்று அங்குள்ள அதிகாரிகளுக்குச் சொல்லும் தனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெட்டியவனுக்குத் தெரியாதா என்ன, எந்த ஊரில் எதைச் சொல்லக்கூடாதென்று! இதை அரசியல் கணக்காகப் பார்க்கத் தாப்பர் பழக்குகிறார். வாசிக்கும்போது அந்தப் பாறையடியில் யார் நின்று கேட்டிருப்பார்கள் என்று யோசிக்க வைப்பது லாஹிரி. என் ஓட்டு இந்த இடத்தில் லாஹிரிக்கு.

தாப்பரின் நூலுக்கு வயதும் ஆகிவிட்டது. 2ஆம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் சொல்கிறது. யார் இந்தச் சதியபுத்திரர்? 1961ல் அது முடியாத வழக்கு. 1981ல் தமிழ்நாட்டில் ஜம்பை என்ற ஊரில் ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்ற தமிழ்ப் பிராமி வரி கிடைத்த பிறகுதான் நம் அதியமான் என்று தெளிவானது. எனவே முதல் பதிப்பை எடுக்க வேண்டாம். தாப்பர் பின்னுரை சேர்த்த பிந்தைய பதிப்பைத் தேடுங்கள்.

சரி, ஒன்றுதான் என்றால்? ஆளைத் தெரிந்துகொள்ள லாஹிரி, ஆட்சியைத் தெரிந்துகொள்ள தாப்பர். இரண்டும் கையில் இருந்தால் தாப்பரைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கல்வெட்டுகளின் முழு மொழிபெயர்ப்பு பின்னிணைப்பில் இருக்கிறது, அதிகப் பக்கமில்லை. முதல் கல்வெட்டிலேயே அரண்மனைச் சமையலறை வந்துவிடும்: முன்பு தினமும் லட்சக்கணக்கில் உயிர்களை அறுத்தார்களாம், இப்போது மூன்றுதானாம், இரண்டு மயில், ஒரு மான். அந்த மானும் தினமும் கிடையாது என்று ஒரு திருத்தம் வேறு. அதைக் கல்லிலேயே வெட்டச் சொல்லியிருக்கிறார் மனிதர்.