ஆர்கோ: ஒரே கப்பலா, மூன்று துண்டுகளா?

தெற்கு வானத்தைப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஆர்கோ கப்பல் என்ற பழைய விண்மீன் குழுவைத் தேடுவதா, அதைப் பிரித்து உண்டான இன்றைய கரினா, பப்பிஸ், வேலா மூன்று குழுக்களையும் தேடுவதா?

கதை
முழுக் கப்பல்: கிரேக்கப் புராண வீரன் ஜேசன் பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் போன கப்பல் இது. பண்டைய வானியலாளர் தாலமியின் 48 விண்மீன் குழுக்களில் ஒன்று. ஆனால் வானத்தில் பின்பாதிதான் உண்டு, முகப்பு கிடையாது. குறி சொல்லும் டொடோனா கோயிலின் ஓக் மரத்தில் செய்த பேசும் பலகை அந்த முகப்பில்தான் இருந்ததாம், பெரிய இழப்பு!
துண்டுகள்: அடிக்கட்டை, பின்புறம், பாய் என்ற பெயர்கள் மட்டுமே.

தேடுவது
முழுக் கப்பல்: மிகப் பெரியது, சுமார் 1667 சதுரப் பாகை. புதியவருக்குக் கஷ்டம்.
துண்டுகள்: 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் பிரித்தது. எல்லைகள் தெளிவு. ஆல்ஃபா, அதாவது முழுக் கப்பலின் மிகப் பிரகாசமான விண்மீன், கரினாவுக்குப் போய்விட்டதால் பப்பிஸிலும் வேலாவிலும் ஆல்ஃபா இல்லை.

அந்த ஆல்ஃபாதான் கனோபஸ், நம் அகத்திய நட்சத்திரம். ஏதென்ஸில் அநேகமாகத் தெரியாது. சென்னையில் பிப்ரவரி இரவு 9 மணி வாக்கில் தெற்கே சுமார் 24 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கும்.

தொலைநோக்கி வைத்திருந்தால் துண்டுகள்தான் சரி. பிள்ளைகளுக்கு வானம் காட்டவென்றால், யோசிக்கவே வேண்டாம், முழுக் கப்பல்.