கனடா ‘லேண்டிங் பேக்கேஜ்’ வாங்கப் போகும் வேலூர்க்காரர்களுக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து கனடாவுக்கு பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்துக் கிளம்பக் காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். விசா வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. இது விசா கைக்கு வந்த பிறகு நடக்கும் கூத்து.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடா அரசின் ஆன்லைன் குடியேற்ற முறையில் நாங்களே விண்ணப்பித்து பிஆர் வாங்கினோம். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தெரியாத ஊரில் அலைய வேண்டாமே என்று மாமனார்தான் டவுனில் ஒரு கன்சல்டன்சியைப் பிடித்தார். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. பேக்கேஜ் 1,80,000 ரூபாய். ஏர்போர்ட்டில் கார், ஒரு மாதம் தங்க வீடு, சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் கனடா அரசு தரும் அடையாள எண்), ஹெல்த் கார்டு (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை), வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் மாற்றம், வேலைக்கு இன்டர்வியூ, எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். “நீங்க இறங்கினா போதும் சார், மத்ததை எங்க ஆளு பாத்துப்பான்.”

ஜாக்கெட்டுக்குத் தனிக்காசு. அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் மட்டும் ஓடும் ஒரு அறையில், எனக்கும் மனைவிக்கும் தோல் ஜாக்கெட் போட்டுப் பார்த்தார்கள். வேர்வை முழங்கையில் சொட்டியது. ‘கனடா விண்டர் ஸ்பெஷல்’ என்று ஜோடி 18,000 ரூபாய். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டே பிழைக்கிற வட்டாரத்தில், உள்ளூர்க்காரனுக்கே தோலை இப்படித் தலையில் கட்ட தைரியம் வேண்டும். டிசம்பரில் மைனஸ் பத்துக்குக் கீழே போனபோது அந்த மெல்லிய லைனிங் பஸ் ஸ்டாப் வரைகூடத் தாங்கவில்லை. பழைய துணிக்கடையில் வாங்கிய பார்காவில் (தொப்பி வைத்த தடித்த குளிர் கோட்டு)தான் குளிர்காலம் கழிந்தது.

அக்டோபரில் டொராண்டோவில் இறங்கினோம். கார் வந்தது. பெட்டிகளுக்குத் தனியாக டாலர் வாங்கிக்கொண்டுதான் டிரைவர் டிக்கியைத் திறந்தார். ‘வீடு’ என்பது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளம். உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதையும் அட்டை வைத்து அடைத்திருந்தது. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் முன்பின் தெரியாத நாலு பையன்கள். அடுப்புக்கு நேரம் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் முறை இரவு பத்தரைக்கு. பிள்ளைகள் அதற்குள் பிரெட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

அதற்கு மேல் ‘டேமேஜ் டெபாசிட்’ என்று 1,000 டாலர் வேறு கேட்டார்கள். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் டெபாசிட்டாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகையும், திருப்பித் தரவேண்டிய சிறிய சாவித் தொகையும்தான். சேதத்துக்கு என்று டெபாசிட் கேட்பது சட்டப்படி செல்லாது. அதைச் சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சின் நம்பர்தான் இந்த வியாபாரத்தின் முக்கியச் சரக்கு. அது இல்லாமல் கனடாவில் வேலைக்குச் சேர முடியாது. “ஆளு வருவான், ஃபைல் போயிருக்கு” என்று இழுத்தடித்தார்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். “நீங்களே போய் எடுங்கோ தம்பி, அங்க ஒரு சதமும் வாங்க மாட்டினம்.” பாஸ்போர்ட்டும் பிஆர் தாளும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கனடா என்ற அரசு சேவை அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது இலக்க நம்பரைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கட்டணம் கிடையாது. ஒண்டாரியோவில் ஹெல்த் கார்டுக்கும் கட்டணம் கிடையாது. வங்கிக் கணக்கு திறக்க, புதிதாக வந்தவர்களை வங்கிகளே கூப்பிடுகின்றன. பேக்கேஜில் முக்கால்வாசி இவைதான்.

எரிச்சல் வந்தது அடுத்ததில். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காக கனடா அரசு பெற்றோருக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. வருமானத்தைப் பொறுத்துத் தொகை மாறும். வருமான வரித் துறைக்கு நாமே விண்ணப்பம் அனுப்பலாம். அதை ‘வாங்கித் தர’ இவர்களுக்கு மூன்று மாதத் தொகை கமிஷன் வேண்டுமாம். அதற்காக எங்கள் சின் நம்பரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த நம்பர் கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் கடன்கூட வாங்கலாம்.

லைசென்ஸ் மாற்றமும் பொய். இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு ஒண்டாரியோ லைசென்ஸ் வாங்கும் ஏற்பாடு இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. ஆனால் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம் என்று உங்கள் ஆர்டிஓவிலிருந்து சான்று கொண்டுபோனால் காத்திருக்கும் காலம் குறையும். வேலூரில் இருக்கும்போதே வாங்க வேண்டிய தாள் அது. பணம் வாங்கிய ஆபீஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் என் தம்பி தன் வேலையைப் போட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீஸுக்கு நடந்தான்.

இன்டர்வியூ என்பது ஒரு கிடங்கில் கணக்கில் வராத கூலி வேலை. போகவில்லை.

பிஆர் வாங்கியவர்களுக்கு கனடா அரசின் பணத்தில் நடக்கும் செட்டில்மென்ட் உதவி மையங்கள் இருக்கின்றன. வீடு தேடுவது, பயோடேட்டா எழுதுவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஆங்கில வகுப்பு எல்லாம் இலவசம். பிஆர் உறுதியானதுமே, ஊரில் இருந்தபடியே ஆன்லைனிலும் சில உதவிகள் கிடைக்கும். முதலில் அங்கே கேளுங்கள்.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கோ உரிமம் பெற்ற ஆலோசகருக்கோதான் அனுமதி (ஒண்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல் என்ற சட்ட உதவியாளருக்கும், கியூபெக் மாகாணத்தில் நோட்டரிக்கும் உண்டு). ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் திறந்தே இருக்கிறது. இந்த ஆபீஸ் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த நம்பரை அதில் தேடினேன். வேறொருவருடையது. மெயில் போட்டுக் கேட்டேன், வேலூர் என்ற ஊரையே அவர் கேள்விப்பட்டதில்லையாம்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மாமனார் புகார் கொடுத்திருக்கிறார். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இடைஞ்சலாக நிற்பது ரசீதுதான். 1,80,000 ரூபாய்க்கும் ‘டாக்குமென்டேஷன் சார்ஜ்’ என்று ஒரே வரி, வேறு விவரம் எதுவும் இல்லை. என்னென்ன தருவோம் என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் பட்டியலும் குரல் பதிவுகளும் அழியாமல் இருந்ததால்தான் புகார் நிற்கிறது.

நோட்டீஸ் போனதும் ஆபீஸ் ஆள் வீட்டுக்கே வந்தார். 40,000 ரூபாய் தருகிறோம், முழுப் பணமும் வந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மாமனார் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதே மாதிரித் தாளில் கையெழுத்துக் கேட்டு உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்திருந்தால், போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எங்கள் வக்கீல் கேட்கிறார்.