ஆடி லீவில் ஊருக்குப் பல்லுக் கட்டப் போகிறவர்களுக்கு

மாமாங்கத் திருவிழாக் காலத்தில் மட்டக்களப்பு டவுனில் நகைக்கடைக்கு அடுத்தபடியாக வெளிநாட்டுக்காரர் குவிகிற இடம் பல் கிளினிக்தான். லண்டனில் என்எச்எஸ் (அரசாங்க) பல் வைத்தியர் அகப்படுவதே பெரும்பாடு. அகப்பட்டாலும் 2025 ஏப்ரல் கட்டணப்படி பொய்ப்பல்லுக்கு 326 பவுண் 70 பென்ஸ். பிரைவேட் என்றால் பேச்சே வேண்டாம். எனக்குக் கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் போய்விட்டது, ஆகவே இந்த முறை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

முதலில் ஏறிய இடத்தில் லீவு எத்தனை நாள் என்று கேட்டார்கள். வாயைப் பிறகுதான் பார்த்தார்கள். "வளையிற நைலோன் போடுங்க அண்ணன், கம்பி தெரியாது, கிழமைக்குள்ள தரலாம்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. ஆரையம்பதியில் இருக்கும் அக்கா போட்டிருப்பதும் இதே சாமான்தான். போட்ட புதிதில் மெத்தென்று சொகுசாக இருந்ததாம். இப்போது கடிக்கும்போது அமிழ்கிறது. முன்பற்களின் உட்பக்கம் முரசு (ஈறு) இறங்கி, வேர் மஞ்சளாகத் தெரிகிறது.

கல்முனைப் பக்கம் ஒரு டொக்டரைச் சொன்னார்கள். பேராதனையில் படித்த பிள்ளை, பொறுமையாகப் பேசுகிறா. "ஐயா, என்ன சாமான் என்கிறதுக்கு முதல், கடிக்கிற பாரம் எங்க இறங்குது என்று பாருங்க" என்றா. அக்ரிலிக் தகடும் நைலோனும் பெரும்பாலும் முரசின் மேலேயே உட்காருகின்றன. ஒவ்வொரு கடிக்கும் முரசு அழுந்தும், அடியில் உள்ள எலும்பு மெல்லத் தேயும், தகடு இன்னும் கீழே போகும். போகிற போக்கில் பல்லோரத்து முரசையும் உரசிக் கொண்டுபோகும். அக்காவுக்கு நடந்தது இதுதான். கோபால்ட்-குரோமியம் என்ற உலோகச் சட்டம் அப்படியல்ல. மிச்சமிருக்கும் பற்களில் சின்னப் பள்ளம் வெட்டி, சட்டத்தின் கால்களை அதற்குள் ஏற்றி வைக்கிறார்கள். பாரத்தில் பெரும்பங்கைப் பல் தாங்கிக்கொள்ளும்.

எனக்கு அது முழுத் தீர்வு அல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னா. பின்பக்கம் இரண்டிலும் பல் இல்லாதவனுக்கு, சட்டத்தின் வால் முரசில்தான் கிடந்தாக வேண்டும். அந்த வாலுக்கு அக்ரிலிக் போட்டால், எலும்பு தேயத் தேய அடியில் புதிதாக ஊற்றிச் சரிக்கட்டலாம். நைலோனில் அக்ரிலிக் ஒட்டாது என்பதால் அந்த வேலை கரைச்சல்.

பிறகு ஒரு சின்ன அளவுகோலை எடுத்து, முன்பல் முரசு விளிம்பிலிருந்து நாக்கின் அடி வரைக்கும் அளந்தா. முன்பற்களின் உட்பக்கமாக ஓடிச் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கம்பி 4 மில்லிமீற்றர் உயரம், முரசு விளிம்புக்கும் அதற்கும் இடையில் குறைந்தது 3 மில்லிமீற்றர் காற்றாட விடவேண்டுமாம். இடம் போதாதென்றால் தகடாகவே செய்ய வேண்டிவரும். அப்போது முரசு மூடப்பட்டு அழுக்குச் சேரும். எனக்கு மயிரிழையில் போதுமாக இருந்தது.

அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப் போனேன். மேல்வரிசையில் பல வருடத்து அக்ரிலிக் பல். டொக்டர் அதைக் கழற்றி, "பாருங்க" என்று லைற்றைப் பிடித்தா. அண்ணத்தில் தகட்டின் உருவம் அப்படியே செக்கச்செவேலென்று, விளிம்பு பிசகாமல் கோடு போட்ட மாதிரி. அதற்கு வெளியே சதை நல்ல நிறம். அம்மாவுக்கு நோவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கண்டிடா என்ற பூஞ்சணம். இரவிலும் பல்லைக் கழற்றாதது ஒரு காரணம், உமிக்கரி போட்டுத் தேய்த்தது இன்னொன்று. கரி கீறிய கீறலுக்குள்தான் அது குடியிருக்கிறது. "இரவைக்குக் கழட்டினா வாய் வெறிச்செண்டு கிடக்குது மனே" என்றா அம்மா. என்ன சொல்வது!

மருந்து எழுதுமுன் டொக்டர் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: "அம்மா இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் குடிக்கிறாவா?" குடிக்கிறா, வோர்ஃபரின். அப்படியானவர்களுக்கு மைக்கோனசோல் ஜெல் வாயில் பூசினாலே இரத்தக் கசிவு கூடலாம் என்பதால் நிஸ்டாடின் கொடுத்தா. வெற்றிலை போடுகிறவா என்பதால் கன்னத்தின் உட்பக்கத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தா. இலங்கை ஆண்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. பெண்களும் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இனிக் கரி வேண்டாம், மெல்லிய பிரஷும் சவர்க்காரமும் போதும் என்று சொல்லி அனுப்பினா. கொதிநீர் பட்டால் அக்ரிலிக் கோணும், பிளீச்சில் ஊறினால் உலோகம் அரிக்கும்.

விலையில் உலோகம் அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு, அதில் ஒளிவுமறைவில்லை. பீக் என்ற புது பிளாஸ்ரிக் பற்றியும் விசாரித்தேன். பாரம் குறைவு, பல்லைப் பிடிக்கும் கொழுக்கியும் உலோகமாகப் பளபளக்காது. ஆனால் கோபால்ட் 1930களிலிருந்து வாயில் இருக்கிறது, இதற்கு அந்தளவு அனுபவம் இல்லை என்றா. எந்தச் சாமான் போட்டாலும் அதை அண்டிய பல்லில் அழுக்குக் கூடத்தான் செய்யும், துப்புரவுதான் முக்கியம் என்பதையும் விடாமல் சொன்னா.

லீவு குறைவென்றால் இதைத்தான் கவனிக்க வேண்டும்: சட்டம் வார்க்க அச்சுக் கொழும்புக்குப் போய் வருகிறது, வந்ததும் வெறும் சட்டத்தை வாயில் ஏற்றிப் பார்க்கிறார்கள், பிறகுதான் பல் வைக்கிறார்கள். போட்ட பிறகு முரசு புண்படும் இடத்தை ராவுவதற்கும் ஒரு தடவை போகவேண்டும். இறங்கிய முதல் கிழமையிலேயே அச்சு எடுத்துவிடுங்கள். தேர் முடியட்டும் என்று இருந்தால் நைலோன்தான் கதி. இமிட்டேஷன் தோடு போட்டால் காது சொறிகிறவர்கள் நிக்கல் இல்லாத கலவைதானா என்று கேளுங்கள். லாப் கொடுக்கும் கலவைப் பெயர்த் துண்டையும் வாங்கி வையுங்கள்; நாளைக்குக் கொழுக்கி முறிந்தால் லண்டனில் உள்ள பல் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.