செந்தூல் டியூஷன்: கணக்கு வகுப்புக்கு அனுப்பலாம், "படிவம் 4 தொகுப்பு"க்குப் பணம் கட்டாதீர்கள்

நிலையத்தின் பெயரைப் போடப்போவதில்லை. கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் இதுபோல நாலைந்து இருக்கின்றன, எல்லாம் கடைவீட்டு மாடியில், எல்லாவற்றிலும் படிக்கட்டில் செருப்புக் குவியல். நான் சொல்வதில் பாதி மற்ற இடங்களுக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். கணக்கு வகுப்புக்கு 5க்கு 4. அவர்கள் தனியாக விற்கும் "படிவம் 4 தேர்வுத் தொகுப்பு"க்கு 5க்கு 1, அந்த ஒன்றும் ஏர்கோன் நன்றாக இருந்ததற்காக.

மகன் இரண்டாம் படிவம் (இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு) முடிக்கும்போது கணக்கில் 43 புள்ளி. வீட்டுக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூணாம் படிவத்துல இப்ப என்ன பெரிய பரீட்சையா இருக்கு, விடு" என்றார். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். எங்கள் காலத்தில் மூன்றாம் படிவத்தில் பிஎம்ஆர் என்ற அரசாங்கப் பரீட்சை இருந்தது, எத்தனை ஏ என்று தாளைப் பார்த்ததும் நாலாம் படிவத்தில் எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும், அழுகிறவன் அன்றைக்கே அழுது முடித்துவிடுவான். 2014இல் அது பிடி3 ஆனது. 2020, 2021 இரண்டு வருஷமும் கோவிட்டால் ரத்தாகி, 2022இல் ஒரேயடியாக எடுத்தேவிட்டார்கள். இப்போது இருப்பது யூ.ஏ.எஸ்.ஏ., பள்ளியே நடத்திப் பள்ளியே திருத்தும் ஆண்டிறுதிச் சோதனை. பரீட்சை போய்விட்டது, ஆனால் பிள்ளைகளைப் பிரிப்பது எங்கேயும் போகவில்லை. மூன்றாம் படிவ முடிவைத்தான் பள்ளி எடுத்துவைத்துக்கொண்டு பார்க்கிறது, அதிலும் கணக்கையும் அறிவியலையும் முதலில் பார்க்கிறது. 2020லிருந்து "அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு" என்ற பெயரெல்லாம் அதிகாரபூர்வமாகக் கிடையாது, பாடத் தொகுப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஸ்டெம் ஏ (இயற்பியல், வேதியியல் மாதிரி தூய அறிவியல் பாடங்கள் உள்ளது), ஸ்டெம் பி என்று பெயர்கள். பள்ளி வாசலில் நிற்கும் எந்த அம்மாவிடமும் கேட்டுப்பாருங்கள், "சயன்ஸ் கிளாஸ் கிடைச்சதா?" என்றுதான் கேட்பார்.

சரி, நிலையத்துக்கு வருகிறேன். ஒரு பாடத்துக்கு மாதம் 70 ரிங்கிட், பதிவுக்கட்டணம் 50. கணக்கும் அறிவியலும் எடுத்தோம். பதியப் போன அன்றைக்கே கௌண்டரில் இருந்தவர் வண்ணத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 900 ரிங்கிட் தொகுப்பு: திறன் சோதனை, மூன்று முறை ஆலோசனை, கடைசியில் "ஸ்டெம் ஏ உறுதி". உறுதி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"அண்ணே, எந்த வகுப்புன்னு பள்ளிக்கூடம்தானே முடிவு பண்ணும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் கா. நம்ம பிள்ளைங்க எல்லாம் சயன்ஸ்தான்."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அப்போதே தெரிந்தது, தெரிந்தும் கட்டினேன். பிள்ளை விஷயம் என்றால் நம் புத்தி எங்கே வேலை செய்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கணக்கு டீச்சர் மூன்றாம் படிவப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, முதல் மூன்று வாரம். எனக்குக் கோபம் வந்தது, காசு கட்டியது மூன்றாம் படிவத்துக்கு. ஒருநாள் சீக்கிரம் போய்க் கதவோரம் நின்றேன். வெள்ளைப் பலகையில் 7 − (3 − 5) என்று எழுதியிருந்தார். என் மகன் −1 என்று எழுதிவைத்திருந்தான். அடைப்புக்குறியைப் பார்க்காமல் ஏழில் மூன்றைக் கழித்து அதில் ஐந்தைக் கழித்திருக்கிறான். விடை 9. இது முதலாம் படிவத்துப் பாடம். இதைச் சுமந்துகொண்டுதான் இரண்டு வருஷமாக இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், ஒவ்வொரு கணக்கிலும் மூன்றாவது வரியில் குறி மாறி விழுந்திருக்கிறது, நாங்களோ "கவனமில்லை, ஃபோன்தான் காரணம்" என்று ஃபோனைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. இரண்டாம் படிவத்தில் காரணிப்படுத்துதல் என்று ஒரு பாடம், மலாயில் பெம்ஃபாக்டோரான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள் என்று டீச்சர் சொன்னார். என் மகனுக்கு அந்தச் சொல்லே பூச்சாண்டி. பள்ளியில் மலாய், டியூஷன் பயிற்சித்தாளில் ஆங்கிலம், இரண்டுக்கும் நடுவில் பையன் முழித்துக்கொண்டு நிற்கிறான். டீச்சரும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர். "டேய் தம்பி, 12க்கு என்ன காரணி, சொல்லு" என்றார். 1, 2, 3, 4, 6, 12 என்று இவன் மூச்சுவிடாமல் சொன்னான். "அதேதான்டா இது. எண்ணுக்குப் பதிலா எழுத்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான்." அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் "காரணி" என்று தமிழில் எழுதிக்கொண்டான். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அந்த மாதத்து 70 ரிங்கிட் அதற்கே சரியாகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாலாம் படிவத்தில் கணிதத்திலும் சரி, கூடுதல் கணிதம் என்ற தனிப் பாடத்திலும் சரி, இருபடிச் சார்பு தொடக்கத்திலேயே வந்துவிடும். காரணிப்படுத்தத் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால் எந்த வகுப்பு கிடைத்தும் பயனில்லை. ஓட்டை இருப்பது முதலாம், இரண்டாம் படிவத்தில், அது மூன்றாம் படிவ முடிவில்தான் வெளியே தெரிகிறது, அதற்குள் பள்ளி பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறது.

அறிவியல் வகுப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. அச்சடித்த குறிப்பு, மனப்பாடம். நாலு மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

இப்போது அந்த 900 ரிங்கிட். திறன் சோதனை என்பது ஐம்பது கேள்வி, "கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா" வகை. முடிவில் என் மகனுக்கு மருத்துவத் துறை பொருந்தும் என்று வந்தது. எலிப்பொறியில் எலி மாட்டினால் மாடிக்கு ஓடுகிறவன் அவன். மூன்று ஆலோசனையிலும் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்றுதான்: உங்கள் பள்ளியில் என்னென்ன பாடத் தொகுப்பு இருக்கிறது? எல்லாப் பள்ளியிலும் எல்லாம் கிடைக்காது. இயற்பியலுக்கு எத்தனை ஆசிரியர், ஆய்வுக்கூடம் எத்தனை, ஒரு வகுப்பில் எத்தனை பேர், இதை வைத்துத்தான் இடம். இது தெரியாமல் யாரும் எதற்கும் உறுதி கொடுக்க முடியாது.

தமிழ் விஷயத்தில்தான் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்தாம் படிவ அரசாங்கப் பரீட்சையான எஸ்பிஎம்மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க வைக்கப்போகிறோம் என்றோம். "எதுக்கு கா சுமை, விட்டுடுங்க, ஏ எண்ணிக்கை குறையும்" என்றார் கௌண்டர்க்காரர். எஸ்பிஎம்மில் பத்துப் பாடம்தான் என்று 2009இல் வரம்பு கட்டப்போனபோது நம் ஆட்கள் சத்தம் போட்டதற்கு அப்புறம்தான் பத்தோடு கூடுதலாக இரண்டு பாடம் எடுக்கலாம் என்று வழி திறந்தது. அதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் காசு வாங்கிப் பிழைக்கும் ஒரு கௌண்டரில் உட்கார்ந்து விட்டுடுங்க என்கிறார். தமிழ் வகுப்பு பல பள்ளிகளில் பாடநேரத்துக்கு வெளியே நடக்கும், நாலாம் படிவத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த நேரத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு என்ன ஆச்சு? 2025 பிப்ரவரி, தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் பள்ளி திறந்தது, பத்துமலைக்கு நடந்த கால்வலியே எனக்குப் போகவில்லை. கணக்கில் பி வந்திருந்தது, 43இலிருந்து வந்தவனுக்கு அது பெரிது. அறிவியல் சி. பட்டியலில் கணக்கியலும் பொருளியலும் உள்ள வகுப்பு, கூடுதல் கணிதம் இல்லாமல். நிலையத்துக்கு ஃபோன் அடித்தேன். "பள்ளி முடிவுல நாங்க எப்படி கா தலையிட முடியும்?" அப்படியே, அதே குரலில். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பயிற்சித்தாள் ஒரு கட்டு கொடுத்தார்கள்.

உருப்படியான உதவி இலவசமாகக் கிடைத்தது, பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியையிடம். மலாய்க்கார அம்மா, பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே மாற்றம் கேட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுக்கலாம், யாராவது முழு உறைவிடப் பள்ளிக்கோ தொழிற்கல்லூரிக்கோ மாறிப்போனால் இடம் காலியாகும் என்றார். "அறிவியல் வகுப்பு வேண்டும் என்று எழுதாதீர்கள், எந்தப் பாடம் வேண்டும், ஏன் என்று எழுதுங்கள்" என்றதும் அவர்தான். கடிதத்தை மகனே எழுதினான். கூடுதல் கணிதம் வேண்டும், இரண்டாம் படிவ, மூன்றாம் படிவ கணக்குப் புள்ளிகள் இவை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். பத்து நாளில் கணக்கியலோடு கூடுதல் கணிதமும் இருக்கும் வகுப்புக்கு மாற்றினார்கள். இயற்பியல் கிடைக்கவில்லை. பொறியியல் பக்கம் போகும் வழி அதோடு குறுகிவிட்டது என்று எனக்கு இன்னும் மனசு ஓரமாக உறுத்துகிறது, அவனுக்கு உறுத்தவில்லை. கணக்கியல் பேரேடு போடுவது அவனுக்குப் பிடித்திருக்கிறதாம், இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக வந்தால் சந்தோஷமாம். இருக்கட்டும்.

அனுப்புகிறவர்களுக்கு: புதன்கிழமை இரவு எட்டு மணி வகுப்பு நல்லது, கூட்டம் குறைவு. சனிக்கிழமை காலையில் ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டினால் முதல் அரைமணி நேரம் போய்விடும், எல்.ஆர்.டி. ரயிலில் வந்து நடந்துவிடுங்கள். மாதக் கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்கிவையுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

மகள் இப்போது முதலாம் படிவம். போன வாரம் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப் வந்தது, இப்போதே தொகுப்புக்குப் பதிந்தால் 10 விழுக்காடு கழிவு என்று. கணக்கு டீச்சர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறாராம். அடுத்த புதன் கூட்டிக்கொண்டு போகிறேன்.