மாட்சுவேயில் ஓர் ஆங்கில ஆசிரியரின் நினைவில்லம்

ஜப்பானின் ஷிமானே மாநிலத்திலுள்ள மாட்சுவே நகரில், கோட்டை அகழியின் வடகரையில் இருக்கிறது லஃப்காடியோ ஹெர்ன் நினைவு அருங்காட்சியகம். கிரேக்கத்தின் லெஃப்காடா தீவில் 1850இல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் செய்தியாளராகப் பணியாற்றிய ஹெர்ன், 1890 ஆகஸ்டில் இந்நகரின் நடுநிலைப்பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தார். ஏறத்தாழ 15 மாதங்களே இங்கிருந்த ஓர் அயல்நாட்டு ஆசிரியரை ஒரு நகரம் இத்தனை காலம் நினைவில் வைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

காட்சிப் பொருள்களில் என்னை நெடுநேரம் நிறுத்தியது அவரது எழுதுமேசைதான். இளவயதில் இடக்கண் பார்வையை இழந்து, மற்றதும் மங்கியிருந்த அவர், தாள் முகத்துக்கு மிக அருகில் வரும்படி வழக்கத்தைவிட உயரமான மேசையைச் செய்வித்துக்கொண்டார். எந்த விளக்கப் பலகையையும்விட அம்மேசை அவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது.

அடுத்தே அவர் 1891இல் குடியிருந்த சாமுராய் வீடு உள்ளது. அதற்குத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும். அறையின் நடுவே அமர்ந்தால் மூன்று பக்கமும் தோட்டம் தெரியும். ஹெர்ன் மணந்த கொய்சுமி செட்சு இவ்வூர் சாமுராய் குடும்பத்துப் பெண் என்பதையும், 1896இல் அவர் ஜப்பானியக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ எனப் பெயர் மாற்றிக்கொண்டதையும் அறிந்து செல்வோருக்கு இவ்விடம் கூடுதலாகப் பிடிக்கும். பெரிய மாளிகையை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். அரைநாள் ஒதுக்கினால் போதும்.