பார்சிலோனாவா, கிரனாடாவா? ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினில் மேற்படிப்பு என்றாலே முதலில் எல்லார் வாயிலும் வருவது பார்சிலோனாதான். எனக்கு இரண்டு ஊரிலிருந்தும் அனுமதி வந்தது. கிரனாடாவுக்குப் போய் இரண்டு வருஷம் இருந்தேன், நடுவில் ஒரு கோடை முழுக்க பார்சிலோனாவில் தோழியோடு தங்கினேன். இன்னொரு தடவை வாய்ப்பு வந்தாலும் கிரனாடாவுக்குத்தான் போவேன்.

பார்சிலோனாவின் நிறைகள் தெரிந்தவைதான். மெட்ரோ ஏறினால் கடற்கரை, பெரிய விமான நிலையம், படித்து முடித்ததும் வேலை தேட நிறைய கம்பெனிகள். படிப்புக்குப் பிறகு அங்கேயே வேலை என்பது உங்கள் திட்டமாக இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகலாம். வாடகையும் எதிர்பார்த்தபடிதான்: கிரனாடாவில் என் அறைக்கு மாசம் 280 யூரோ, அங்கே தோழி அதைவிடச் சின்ன அறைக்கு 600 கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வாடகையைவிட என் வாழ்க்கையை மாற்றியது வேறு ஒரு கணக்கு. சாயங்காலம் வீட்டைவிட்டு வெளியே போய் நாலு பேரோடு உட்கார என்ன செலவாகும்?

கிரனாடாவில் இன்றைக்கும் பெரும்பாலான பார்களில், குடிக்க ஏதாவது வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டில் சாப்பாடு வரும். அதுதான் தாப்பா, அதற்குத் தனிக் காசு கிடையாது. பீர்தான் வாங்க வேண்டும் என்றில்லை, நான் திராட்சைச் சாறு வாங்குவேன், மொஸ்தோ என்பார்கள். முதல் சுற்றுக்கு வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கு ஆம்லெட் ஒரு துண்டு, இரண்டாவதுக்குக் கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றியது, மூன்றாவதுக்கு ஒரு குட்டிக் கிண்ணத்தில் கொண்டைக்கடலையும் கீரையும். மூன்று சுற்றில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும், நான் இருந்தபோது ஆளுக்கு ஏழு யூரோ தாண்டியதில்லை. இதனால் என்ன ஆகிறது என்றால், கையில் காசில்லை என்று யாரும் வராமல் இருப்பதில்லை, வாரத்தில் நாலு நாள் வகுப்புத் தோழர்களோடு நின்றுகொண்டே பேசி, என் ஸ்பானிஷ் வகுப்பறையைவிட அந்தக் கடை மேடையில்தான் வளர்ந்தது. பார்சிலோனாவில் பெரும்பாலும் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் காசு, அதனால் தோழியும் நானும் வெளியே போவதைச் சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது.

சைவம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தட்டில் என்ன வரும் என்பதைப் பல இடங்களில் கடைக்காரர்தான் முடிவு செய்வார். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வரும், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொழியில் இரண்டு ஊரிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்சிலோனாவில் இளநிலை வகுப்புகள் நிறைய அந்தப் பகுதியின் மொழியான கட்டலானில் நடக்கும், பாடத்தில் சேருவதற்கு முன்பே எந்த மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரனாடாவில் ஸ்பானிஷ்தான், ஆனால் கிரனாடா இருக்கும் தெற்குப் பகுதியான அந்தலூசியாவின் ஆட்கள் சொல் முடிவில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். "மாஸ் ஓ மேனோஸ்" அங்கே "மா ஓ மேனோ". எனக்குக் காது பழக இரண்டு மாசம் ஆயிற்று.

அப்புறம் ஊரின் அளவு. கிரனாடாவில் பல்கலைக்கழகம் 1531இல் தொடங்கியது, ஊரே மாணவர்களால் நிறைந்திருக்கும், எங்கேயும் நடந்தே போகலாம். வகுப்பு முடிந்து அல்பைசின் மேட்டுச் சந்துகளில் ஏறி சான் நிக்கோலாஸ் திடலில் உட்கார்ந்தால் எதிரே அல்ஹம்ப்ரா, அதற்குப் பின்னால் பனி மூடிய சியெரா நெவாதா மலை, வெயில் இறங்க இறங்க அந்தக் கோட்டைச் சுவர் செங்கல் நிறத்துக்கு மாறும். காசு கொடுக்காமல் இரண்டு வருஷம் பார்த்தேன், ஒரு நாள்கூட அலுக்கவில்லை.

கிரனாடாவில் பெரிய கஷ்டம் குளிர். ஊர் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பழைய வீடுகளில் கல் தரை, ஹீட்டர் இல்லாத அறைகளும் உண்டு. பார்சிலோனாக் குளிரில் நான் இருந்ததில்லை, கடலோரம் என்பதால் அங்கே இவ்வளவு இருக்காது என்று தோழி சொல்வாள். எங்கள் வீட்டில் வட்ட மேசைக்கு அடியில் ஒரு மின்கணப்பு, மேலே தரைவரை தொங்கும் கனத்த துணி. ஜனவரியில் நாங்கள் நாலு பேரும் அந்தத் துணியை மடிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் படித்தோம். அறை பார்க்கப் போகும்போது வாடகைக்கு முன்னால் ஹீட்டர் இருக்கிறதா, மின்கட்டணம் யார் தலையில் என்று கேளுங்கள்.